சக்கையும் திப்பியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக நடந்து கடப்பவருக்கு, இரண்டு பயிர்கள் நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டிருப்பது புரியும். கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் சின்னசேலம் பக்கத்துச் செம்மண்ணிலும் மரவள்ளி. தென்பெண்ணையும் கோமுகியும் ஏரியும் கிணறும் நனைக்கும் வயல்களில் கரும்பு. திருக்கோவிலூர் கரும்பின் பக்கம் நிற்கும் ஊர். வடமேற்கே ஆற்றோரம் மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கிழக்கே பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. மரவள்ளிக்கான சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளைத் தேடினால் மேற்கே சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று போகவேண்டும்.

இந்த இரண்டு வகை ஆலைகளும் எதைச் செய்து விற்கின்றன என்பது தெரிந்த கதை. எதை மிச்சம் வைக்கின்றன, அந்த மிச்சம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பார்ப்பதே இங்கே நோக்கம். கரும்பு ஆலையின் மிச்சம் சக்கை. கிழங்கு ஆலையின் மிச்சம் திப்பி. இரண்டும் பிழிந்தபின் நிற்பவை. இரண்டுக்கும் பொறியாளர் வருமுன்பே ஊர்க்காரர் உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குமேல் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதுபோலத்தான் முதலில் தெரியும்.

அளவை முதலில் பார்ப்போம். நூறு கிலோ கரும்பு ஆலைக்குள் போனால் சர்க்கரையாக வெளியே வருவது ஒன்பது, ஒன்பதரை கிலோ. சக்கையோ ஏறத்தாழ 30 கிலோ. நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை 750 டன் சக்கையைக் குவிக்கும். எடையை வைத்துப் பெயரிடுவதானால் அதைச் சக்கை ஆலை என்றே அழைக்கவேண்டும். கிழங்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம்: நல்ல கிழங்கில் கால் பங்குக்குக் குறையாமல் மாவு இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். தோலும் திப்பியும் அதற்கடுத்தவை. கரும்பு ஆலைக்குக் கழிவு மலையாக நிற்கிறது. சேகோ ஆலைக்குக் கழிவு பெரும்பாலும் ஓடுகிறது. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு உதவும்.

சக்கை நெருப்புக்குப் போகிறது. திப்பி வயிற்றுக்குப் போகிறது. காரணம் அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. சக்கையில் இருப்பது நார். அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு லிக்னின் என்னும் மரச்சத்து; அசைபோடும் மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள்கூட அதனிடம் தோற்றுப்போகும். திப்பியைக் காயவைத்துச் சோதித்தால் பாதிக்கும் மேல் மாவுச்சத்து. சக்கை மாட்டை ஏமாற்றும், திப்பி அடுப்பை ஏமாற்றும்.

ஆனால் எல்லை அவ்வளவு கறாரானதல்ல. பேருந்து நிலையத்துக் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் குவியும் சக்கையை ஆடும் மாடும் விரும்பித் தின்பதை எல்லோரும் பார்த்திருப்போம். வண்டிக்காரரின் இயந்திரம் ஆலையைப்போல வரிசையாக நான்கைந்து உருளைத் தொகுதிகளில் பிழிவதில்லை. இனிப்பு நிறையவே தங்கிவிடுகிறது. அங்கே சக்கை கொஞ்சம் திப்பியின் குணத்தோடு இருக்கிறது. இந்தச் சிறு விஷயத்தை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒப்பீட்டின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

திப்பி கிழங்கு ஆலையிலிருந்து கொழகொழவென்று ஈரமாக வெளிவருகிறது. இரண்டு நாள் அப்படியே கிடந்தால் புளித்து நாறும். எனவே களத்தில் பரப்பி, திருப்பிப் போட்டு, மழை வருமுன் கூட்டி அள்ளவேண்டும். சக்கை பாதி எடை தண்ணீரோடு வெளிவந்தாலும் ஆலையின் கொதிகலன் அதை அப்படியே விழுங்கிவிடும். யாரும் வெயிலைத் தேடுவதில்லை. ஆனால் ஆலைக்கு முந்திய தொழிலான வெல்லக் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். பொங்கலுக்கு முன் கொப்பரை ஏறும் நாட்களில் கொட்டகையைச் சுற்றி நிலமெல்லாம் சக்கை விரிந்து காயும். நேற்றுப் பிழிந்த கரும்பின் சக்கை இன்றைய சாற்றைக் காய்ச்சும். பரப்புவது, திருப்புவது, மேகத்தைப் பார்த்துப் பதறுவது எல்லாம் திப்பிக் களத்தில் நடப்பதே. பெரிய ஆலைதான் சக்கையை இந்தக் குடும்பத்திலிருந்து பிரித்தது. கொட்டகைச் சக்கையும் திப்பியும் வெயிலை நம்பிய உடன்பிறப்புகள்.

இனி முடிச்சுக்கு வருவோம். இயந்திரம் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் கடைசித் துளியை எடுத்துவிட முடியாது. சக்கையில் சுமார் இரண்டு சதவீதம் சர்க்கரை தங்கிவிடுகிறது. சர்க்கரை ஆலையின் ஆய்வகத்தில் இதை அன்றாடம் அளந்து எழுதுகிறார்கள். கூடினால் உருளைகளைக் கவனிக்கும் பொறியாளருக்கு நிம்மதி இல்லை. கிழங்கு ஆலையில் துருவும் உருளை எல்லாச் செல்களையும் கிழிப்பதில்லை. கிழியாத செல்லுக்குள் அடைபட்ட மாவு திப்பியோடு போய்விடும்.

தப்பியதை மீட்க இரண்டு ஆலைகளும் கையாளும் உபாயம் ஒன்றே: மிச்சத்தின்மீது தண்ணீர் ஊற்றி அலசுவது. சர்க்கரை ஆலையில் கடைசி உருளைத் தொகுதிக்கு முன் சக்கையின்மீது வெந்நீர் தெளித்து மறுபடி பிழிகிறார்கள். சேகோ ஆலையில் அரைத்த கிழங்குக் கூழைச் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி மாவுப்பாலை வடிக்கிறார்கள். சல்லடையில் நின்றதைச் சில இடங்களில் மறுபடி அரைத்து மறுபடி அலசுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கற்றுக்கொண்டதற்குச் சான்றேதும் இல்லை. அப்படியிருந்தும் செய்முறை ஒன்றாகவே வந்து நிற்கிறது.

ஒற்றுமை இத்துடன் முடிந்துவிடுகிறது. சர்க்கரை ஆலையில் கூடுதலாகத் தெளித்த தண்ணீரைச் சாற்றிலிருந்து மறுபடி ஆவியாக்கித் துரத்தவேண்டும். அதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குச் சக்கை எரியவேண்டும். தன்னைக் கழுவிய தண்ணீருக்கான எரிபொருள் செலவைச் சக்கையே கட்டுகிறது. எனவே எவ்வளவு தண்ணீர் தெளிக்கலாம் என்பதற்கு இயல்பாகவே ஒரு வரம்பு உண்டு. சேகோ ஆலையில் அந்த வரம்பு இல்லை. மாவு தொட்டியின் அடியில் படிந்ததும் மேல்நீர் வடிந்து வெளியே போய்விடும். அதைத் துரத்த விறகோ மின்சாரமோ வேண்டியதில்லை. கரும்பு ஆலையின் அலசுநீர் ஆகாயத்துக்குப் போகிறது. கிழங்கு ஆலையின் அலசுநீர் ஓடைக்குப் போயிற்று. புளித்து அமிலமாகிய அந்த நீர் ஆத்தூர் வட்டாரத்து வசிஷ்ட நதியையும் சேலத்துத் திருமணிமுத்தாற்றையும் என்ன செய்தது என்பது கரையோரக் கிணற்றுக்காரர்களுக்குத் தெரியும். கிழங்கு ஆலைக்காரர் கெட்டவர், கரும்பு ஆலைக்காரர் நல்லவர் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவருக்குத் தண்ணீரை வெளியேற்றுவது செலவாக இருந்தது. மற்றவருக்கு இலவசமாக இருந்தது. இலவசமானதை யார் அளந்து செலவிடுவார்?

தங்கிவிட்ட இனிப்புக்கும் தங்கிவிட்ட மாவுக்கும் திரும்புவோம். இயந்திரத்தின் தோல்வி இரண்டு மிச்சங்களிலும் பதிந்திருக்கிறது. ஆனால் அதன் பலன் நேரெதிர். சக்கையில் தங்கிய சர்க்கரை தொல்லை: குவியலில் புளிக்கும், சூடேறும், நாரைக் கெடுக்கும். திப்பியில் தங்கிய மாவே திப்பியின் விலை. பிழியும் திறன் கூடக்கூட சக்கை மேலான சக்கையாகும். அரைக்கும் திறன் கூடக்கூட திப்பி வெறும் நாராகும். நல்ல துருவு இயந்திரம் வாங்கிய சேகோ ஆலையின் திப்பியை விலைக்கு வாங்கும் மாட்டுக்காரர், தமக்குத் தெரியாமலே நட்டப்படுகிறார். பழைய இயந்திரத்தின் குறையில் ஒரு பங்கு அவர் வீட்டுப் பாலாகியிருந்தது. கரும்பில் ஆலைக்காரரின் நலனும் கழிவை வாங்குபவரின் நலனும் ஒரே திசை. கிழங்கில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. சாறு வண்டிச் சக்கையை ஆடு ஏன் தேடிப் போகிறது என்பதற்கும் இதுவே விடை.

திப்பி தனியாக மாட்டைக் காப்பாற்றாது என்பதையும் சொல்லவேண்டும். அதில் சக்தி உண்டு, புரதம் அற்பம். வீட்டுக் கழுநீர்த் தொட்டியில் அரிசி கழுவிய நீரும் வடிகஞ்சியும் காய்கறித் தோலும் சேர்ந்திருக்க, அதில் கடலைப் புண்ணாக்கும் தவிடும் திப்பியும் கலந்து வைத்தால்தான் கறவை நிற்கும். அடுப்படிக் கழிவும் செக்குக் கழிவும் ஆலைக் கழிவும் சந்திக்கும் இடம் இந்தத் தொட்டி. கழிவைப் பிரித்துச் சேகரிக்கச் சொல்லி நகராட்சி வண்டி பாட்டுப்போட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே பிரித்தல் நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்தவர் வீட்டுப் பெண், வாங்கிக்கொண்டது மாடு. சக்கைக்கு இப்படி வீட்டுக்குள் வர வழியில்லை. கொட்டகை அழிந்த ஊர்களில் அது ஆலைச் சுவருக்குள் பிறந்து ஆலைச் சுவருக்குள்ளேயே சாம்பலாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கையும் திப்பியின் பக்கமே. மரவள்ளியில் சயனைடை விடுவிக்கும் பொருள் உண்டு, அதிலும் தோலிலும் இலையிலும் கூடுதல். அரைப்பதும் அலசுவதும் வெயிலும் சேர்ந்து அதைப் பெரிதும் போக்கிவிடும். பச்சைத் தோலைத் தின்று மாடு சாய்ந்த கதை மரவள்ளி விளையும் ஊர்களில் புதிதல்ல. கரும்பில் இப்படி ஒரு பயம் கிடையாது.

விலையில் இரண்டு பயிர்களும் மறுபடி ஒன்றுசேர்கின்றன. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலை 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்தை அடிப்படையாகக் கொண்டது. கிழங்கை ஆலைகள் மாவுச்சத்தை அளந்து ‘பாயிண்ட்’ கணக்கில் வாங்குகின்றன. இத்தனை பாயிண்ட் கிழங்கு, பாயிண்ட்டுக்கு இவ்வளவு ரூபாய். இரு இடத்திலும் விவசாயி கொடுப்பது முழுப் பயிரை. காசு வாங்குவது அதிலிருந்து பிரியும் ஒரு பொருளுக்கு மட்டும். சக்கையும் திப்பியும் தனியே விலை பெறாமல் ஆலைக்குச் சொந்தமாகிவிடுகின்றன. கரும்பில் இந்த ஓட்டையை ஒருமுறை அதிகாரபூர்வமாகவே சுட்டிக்காட்டினார்கள். 2012இல் மத்திய அரசு அமைத்த ரங்கராஜன் குழு, சர்க்கரையோடு சக்கை, கழிவுப்பாகு, சாற்றுக் கசடான பிரஸ்மட் ஆகியவற்றின் மதிப்பையும் கூட்டி அதில் 70 சதவீதம் கரும்பு விவசாயிக்கு என்று பரிந்துரைத்தது. திப்பிக்கு அப்படி ஒரு குழு அமைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. இரண்டு தொழிலிலும் கூட்டுறவு உண்டு. ஆனால் சேர்ந்திருப்பவர்கள் வேறு. மூங்கில்துறைப்பட்டிலும் பெரியசெவலையிலும் அங்கத்தினர் கரும்பு விவசாயிகள். சேலத்தில் 1981இல் தோன்றிய சேகோசர்வ் சங்கத்தில் அங்கத்தினர் ஆலை உரிமையாளர்கள். முதலாவதில் பயிரிடுபவர் ஒன்றுசேர்ந்தார். இரண்டாவதில் அரைப்பவர் ஒன்றுசேர்ந்தார். சேலத்து ஜவ்வரிசித் தொழில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943 வாக்கில், வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது மாணிக்கம் செட்டியார், பொபட்லால் ஷா என்னும் இரு வணிகர்களின் முயற்சியில் பிறந்தது. வணிகர் கையில் பிறந்த தொழில் பிறகும் அந்தக் குணத்தை விடவில்லை என்று நினைக்கிறேன். ஆயினும் விளைவைப் பாருங்கள்: ஆலையில் பங்கு வைத்திருக்கும் கரும்பு விவசாயியின் வீட்டுக்குச் சக்கை ஒரு கூடைகூட வருவதில்லை. ஆலையில் எந்த உரிமையும் இல்லாத ஒருவர் காசு கொடுத்தால் திப்பி மூட்டை வீடு வந்துசேர்கிறது. சொந்தம் கொண்டாடும் உரிமையும் கைக்கு எட்டும் வாய்ப்பும் வேறுவேறு.

சக்கையின் பின்கதை சுவாரசியமானது. சர்க்கரை ஆலைகளின் பழைய கொதிகலன்கள் வேண்டுமென்றே மந்தமாக அமைக்கப்பட்டவை. சக்கை மிஞ்சினால் அடுக்கிவைக்க இடமில்லை, தீப்பிடிக்கும் பயம் வேறு. எனவே எரித்துத் தீர்ப்பதே குறிக்கோள். ஒரு கிலோ சக்கையிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் நீராவி எடுக்கமுடியும் என்றிருந்தும், அந்தத் திறமையை யாரும் விரும்பவில்லை. இந்த மனநிலையை மாற்றியவை இரண்டு: மின்சாரமும் காகிதமும். உயர் அழுத்தக் கொதிகலன் வந்தபின் உபரி மின்சாரத்தை விற்கமுடிந்தது. காகிதம் அதற்கு முன்பே வந்தது. 1979இல் நிறுவப்பட்டு 1984இல் புகளூர் காகிதபுரத்தில் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சக்கையிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்தது. சக்கையைக் கொடுத்துவிட்டால் ஆலை எதை எரிக்கும்? அதற்கு மாற்றாகச் சர்க்கரை ஆலைகளுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுக்கும் பண்டமாற்று ஏற்பாடு உருவாயிற்று. கழிவை எரிப்பது வீண் என்று கண்டுகொண்டு, அதற்குப் பதில் நிலக்கரியை எரித்தார்கள். மரம் தப்பியது உண்மை. புகை நிற்கவில்லை என்பதும் உண்மை. திப்பிக்கு இத்தகைய மேன்மை வாய்க்கவில்லை. அது தீவனமாகவே இருந்துவிட்டது. அதனால் குறைந்துபோனதாகவும் தோன்றவில்லை.

எதிர்பாராத உறவு வெளிப்படுவது எரிவாயுவில். சேகோ ஆலைகள் பல தங்கள் கழிவுநீரைக் காற்றுப்புகாத கலன்களிலும் மூடிய குட்டைகளிலும் அடைக்கத் தொடங்கின. ஓடையை நாறடித்த அதே கரைந்த மாவும் சர்க்கரையும் மீத்தேனாகி, ஆலையின் விறகுச் செலவையும் மின்செலவையும் குறைத்தன. காகிதபுரத்தில் நடந்ததை இதனருகே வைத்துப் பாருங்கள். அங்கே குவித்த சக்கையைக் காகிதமாக்குமுன் கழுவுகிறார்கள். கழுவிய நீரில் கரைந்திருப்பது ஆலையின் உருளைகள் விட்டுவைத்த இனிப்பு. அந்த நீரிலிருந்தும் மீத்தேன் எடுத்துச் சுண்ணாம்புச் சூளைக்கு எரிபொருளாக்கினார்கள். நெருப்புக்குப் பிறந்தது சக்கை, வயிற்றுக்குப் பிறந்தது திப்பி என்றோம். இரண்டையும் கழுவிய நீர் ஒரே வகைக் கலனில், ஒரே வகை நுண்ணுயிரின் வயிற்றில் செரித்து, ஒரே நீலச் சுடராக எரிகிறது. சாணம் போட்டு வீட்டுக் கொல்லையில் எரியும் எரிவாயு அடுப்பும் இதே இனம். மாட்டின் வயிற்றில் பாதி செரித்ததைத் தொட்டி மீதி செரிக்கிறது. திப்பி தின்ற மாட்டின் சாணமாக இருந்தால், இயந்திரத்துக்கும் மாட்டுக்கும் தப்பியது மூன்றாவது கையில் அகப்படுகிறது.

மண்ணுக்கு எது திரும்புகிறது என்ற கேள்வியை இரண்டு ஆலைகளும் அவ்வளவாக விரும்புவதில்லை. கரும்பின் பக்கம் கணக்கு ஓரளவு நேராகிறது. நூறு கிலோ கரும்புக்கு மூன்று நான்கு கிலோ விழும் பிரஸ்மட், மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கொண்டது. ஆலையைச் சுற்றியுள்ள வயல்களுக்கு அது டிராக்டரில் போகிறது. சக்கைச் சாம்பலில் பெரும்பாலும் மணற்சத்துதான். கரும்பு உறிஞ்சிய சாம்பல்சத்து சாற்றோடு போய்க் கழிவுப்பாகில் சேர்ந்து சாராய வடிப்பாலை வரை பயணம் செய்கிறது. மரவள்ளியோ சாம்பல்சத்துக்குப் பேராசைக்காரப் பயிர். அது உறிஞ்சியது அலசுநீரில் கரைந்து போகிறது. தோலும் திப்பியும் கொண்டுபோவது மீதி. இரண்டு பயிரிலும் தண்ணீரில் கரையும் சத்துதான் முதலில் ஊரைவிட்டுப் போகிறது.

ஆனால் போகும் தூரம் வேறு. ஆற்றங்கரைக் கரும்பு வயலுக்கும் ஆலைக்கும் இடையே சமவெளிச் சாலை. பிரஸ்மட் ஏற்றிவருவது பெரிய காரியமல்ல. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பம் பிடுங்கிய கிழங்கு மலையிறங்கிவிட்டால் அதன் தோல் தலைவாசலிலோ ஆத்தூரிலோ குவிகிறது. திப்பி சமவெளி மாட்டுக்குப் போகிறது. அந்தச் சாணம் சமவெளி வயலுக்கு. திருக்கோவிலூர்ப் பக்கம் திப்பி வாங்கிப்போடும் வீட்டின் எருக்குழியில் கல்வராயன் மலை மண்ணின் சத்தும் கொஞ்சம் கிடக்கிறது, ஒருவேளை அது கரும்புக்கே இடப்படுகிறது. மலை கொடுத்ததை ஆற்றங்கரை சாப்பிடுகிறது; மலைச்சரிவிலோ மழை மேல்மண்ணையும் சேர்த்து இறக்குகிறது.

போனதில் கொஞ்சத்தை மலைக்கே திருப்ப வழி உண்டு. கிழங்கு ஏற்ற மலைக்குப் போகும் லாரியில் இடம் இருக்கிறது. தோலை ஆலையிலேயே சாணக் கரைசலோடு மக்கவைத்தால் சயனைடு பயமும் போய்விடும், எடையும் பாதியாகும். கலனில் வாயு எடுத்தபின் அடியில் தங்கும் கசடும் உலர்ந்தால் சுமக்கத்தக்கதுதான். பாயிண்ட் கணக்குப் போடும்போதே, இத்தனை டன் கிழங்குக்கு இத்தனை மூட்டைத் தோல் உரம் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி சேர்க்கலாம். கரும்பில் ரங்கராஜன் குழு பணத்தில் கேட்ட பங்கை, கிழங்கில் உரமாகவே கேட்பதாக அது அமையும். ஏற்றுகூலி யார் தருவது என்பதில்தான் பேரம் நீளும். ஆலைக்காரர், இடைவியாபாரி, மலைக்காரர் மூவரில் சேகோசர்வ் சங்கம் இருப்பது ஆலைக்காரர் பக்கம்.